அஜீரணத்துக்கு எண்டோஸ்கோபி எப்போது? சேலத்துக் கேள்விகள், ஒரு மருத்துவரின் பதில்கள்

கேள்வி (அம்மாப்பேட்டை, வயது 34): மூன்று மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல், சாப்பிட்டதும் உப்புசம். எண்டோஸ்கோபி பார்த்துவிடலாமா டாக்டர்?

பதில்: எடை குறையவில்லை, விழுங்கச் சிரமமில்லை, ஓயாத வாந்தி இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வயதில் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இரைப்பைக்குள் விட்டுப் பார்த்தாலும் (அதுதான் எண்டோஸ்கோபி) பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. முதலில் மலத்திலோ மூச்சிலோ இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கான மருந்து. இல்லையென்றால் பேன்டோப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரை, 4 முதல் 8 வாரம். அதற்கும் அடங்காவிட்டால் எண்டோஸ்கோபியை யோசிக்கலாம். ஒன்று, அந்த மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிச் சாப்பிடுபவராக இருந்தால், கிருமிப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம்.

கேள்வி (ஆத்தூர்): அப்பாவுக்கு 63 வயது. நான்கு மாதமாக இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிடுகிறது. ஆளும் இளைத்துவிட்டார். சீரகத் தண்ணீர் கொடுத்து வருகிறோம்.

பதில்: சீரகத் தண்ணீர் இருக்கட்டும், இந்த வாரமே எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அமெரிக்க, கனடா மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல்படி 60 வயதைத் தொட்டவருக்கு அஜீரணம் என்றாலே எண்டோஸ்கோபிதான். இங்கே எடையும் குறைந்திருக்கிறது. மாத்திரை கொடுத்துப் பார்ப்போமே என்று தள்ளிப்போடாதீர்கள். இரைப்பைப் புற்றுநோயாக இருந்தால்கூட மாத்திரையில் எரிச்சல் கொஞ்ச நாள் அடங்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

கேள்வி (ஓமலூர்): அஜீரணத்தோடு மலமும் கறுப்பாகப் போகிறது. இரும்புச்சத்து மாத்திரையால்தானே?

பதில்: இருக்கலாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது இரத்தக்கசிவு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மூட்டுவலி மாத்திரை சாப்பிட்டு வந்தால் அதையும் சொல்லுங்கள். அது சரி, இரும்பு மாத்திரை எதற்கு எழுதினார்கள்? காரணம் தெரியாத இரத்தசோகைக்கு என்றால், அதுவே எண்டோஸ்கோபி பார்க்கப் போதுமான காரணம்.

கேள்வி (ஏற்காடு): சேலத்தில் எண்டோஸ்கோபி முடிந்ததும் பைக்கிலேயே மலையேறிவிடலாமா?

பதில்: தொண்டைக்கு மரத்துப்போகும் ஸ்ப்ரே மட்டும் அடித்தால் போகலாம். மரப்பு போகும்வரை காபி வேண்டாம், புரையேறும். மயக்க ஊசி போட்டால் மறுநாள்வரை வண்டியைத் தொடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு! துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வயது 52): சர்க்கரை இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்செரிச்சல், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. தட்டுவடை செட்டை நிறுத்தினால் போதுமா?

பதில்: இதை அஜீரணம் என்று விட முடியாது, இதயமாக இருக்கலாம். இன்றே ஈசிஜி எடுத்து இதய மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோபி அப்புறம்.