நாகர்கோவில் வானொலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தக்கலை வாசகர்: இந்தியாவின் முதல் எஃப்எம் நாகர்கோவில்தானே?

இல்லை. எஃப்எம் முதலில் வந்தது சென்னையில், 1977 ஜூலை 23 அன்று. நாகர்கோவிலின் பெருமை வேறு. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் அதுதான். தொடங்கியது 1984 அக்டோபர் 30.

பாளையங்கோட்டை வாசகர்: திருநெல்வேலியில் 1963லேயே நிலையம் வந்துவிட்டதே. பக்கத்திலேயே இன்னொன்று எதற்கு?

நல்ல கேள்வி. நாடு முழுவதற்கும் டெல்லி, மாநில அளவில் சென்னை, திருச்சி, திருநெல்வேலி மாதிரி நிலையங்கள் என்று இரண்டு அடுக்குதான் அதுவரை இருந்தது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பேசும் மூன்றாவது அடுக்கைச் சோதித்துப் பார்க்க நாகர்கோவிலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

குமரிக்கு அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. மலையாளம் பேசும் வீடுகள் இங்கே நிறைய. குலசேகரம் பக்கம் ரப்பர், தோவாளையில் பூ, மேற்கே மீன்பிடி ஊர்கள். திருநெல்வேலியின் தாமிரபரணிப் பாசனத்து நெல் வயலை நினைத்துச் செய்யும் விவசாய நிகழ்ச்சி ரப்பர் பால் வடிப்பவருக்கு என்ன சொல்லும்? ஆளை ஸ்டூடியோவுக்கு வரவழைக்காமல், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் போவதுதான் உள்ளூர் நிலையத்தின் அடிப்படை. பக்கத்து ஊர்க்காரர் தன் பேச்சு வழக்கிலேயே பேசுவதைக் கேட்கும் உரிமை அது. சின்ன விஷயமே இல்லை.

குளச்சல் வாசகர்: அப்பாவின் பழைய கேசட்டுகளில் வானொலி நிகழ்ச்சிகள் இருக்கின்றன. போட்டுக் கேட்கலாமா?

உடனே போடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால், டெக்கில் போட்டதுமே அது ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமாக இருந்தால், முதல் வேலையாகக் கேசட்டின் முதுகில் இரு ஓரத்திலும் உள்ள பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். அப்புறம் கைதவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. அதன் பிறகு கணினியில் ஏற்றுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: இந்தியாவின் முதல் எஃப்எம் என்ற பெருமை பற்றி எழுதுங்களேன்?

தக்கலைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். சென்னை, 1977.

தூத்தூர் வாசகர்: உள்ளூர் வானொலி என்று புகழ்கிறீர்கள். 2017 ஒக்கிப் புயலில் கடலில் இருந்தவர்களுக்கு அது எதற்கு உதவியது?

உங்கள் கோபம் நியாயம். கோபுரம் 100 மீட்டர் உயரம் என்று வைத்தாலும் எஃப்எம் அலை சுமார் 40 கிலோமீட்டரில் அடிவானத்தைத் தொட்டுவிடும். படகின் ஏரியல் உயரத்தையும் சேர்த்தால் இன்னும் பத்து கிலோமீட்டர். அதற்கு அப்பால் கேட்காது. உங்கள் ஊர் ஆழ்கடல் படகுகளோ பல நூறு கிலோமீட்டர் போகின்றன.

அதே வாசகர்: அப்படியானால் எஃப்எம் போதும் என்று மீடியம் வேவை மூடுவது சரியா?

சரியில்லை, அதைத்தான் சொல்கிறேன். மீடியம் வேவ் உப்புநீரின் மேல் வெகுதூரம் போகும். இலங்கை வானொலி நம் கடற்கரையில் அவ்வளவு துலக்கமாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு பொறியாளர் (இடையில்): இப்போது செயற்கைக்கோள் கருவி இருக்கிறதே, பழைய ரேடியோ எதற்கு?

கருவி வேண்டும்தான். ஆனால் எத்தனை நாட்டுப்படகில், வள்ளத்தில் அது இருக்கிறது? பேட்டரி ரேடியோவை வைத்திருக்க இப்போது யாருடைய அனுமதியும் வேண்டாம். கரைக்கு எஃப்எம், கடலுக்கு மீடியம் வேவ் என்று இரண்டும் வேண்டும்.

சுசீந்திரம் வாசகர்: தாத்தாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை வைத்திருக்கலாமா?

கட்டாயம். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். அதில் உள்ள தபால் நிலைய முத்திரைகள் எந்த ஆண்டில் உங்கள் வீட்டில் ரேடியோ இருந்தது என்பதற்குச் சான்று. படம் எடுத்து வையுங்கள். கேசட் இருந்தால் காதுகளையும் உடைத்துவிடுங்கள்.

பூதப்பாண்டி வாசகர்: முதல் எஃப்எம்...

சென்னை.

ஆரல்வாய்மொழி வாசகர்: அறிவிப்பாளர் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

அது என் துறை இல்லை. கோணத்தில் உள்ள நிலையத்திலேயே நேரில் விசாரியுங்கள்.