அமெரிக்காவில் 72 அவுன்ஸ் ஸ்டேக்கை (கனமான மாட்டிறைச்சித் துண்டு) ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டால் இலவசம் என்கிறார்களே, அப்படி ஒரு கடை உண்மையில் இருக்கிறதா? யாராவது போயிருக்கிறீர்களா?

இருக்கிறது, நான் போயிருக்கிறேன். டெக்சஸ் மாநிலத்தின் வடபகுதியில் அமரில்லோ என்ற ஊர். கடையின் பெயர் பிக் டெக்சன் ஸ்டேக் ராஞ்ச். டாலஸிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். இருபுறமும் வெட்டவெளி, மரமே கிடையாது. அதற்கு நடுவில் மஞ்சள் நிறக் கட்டடமும், வானத்தை மறைக்கிற மாதிரி ஒரு கௌபாய் பலகையும் தெரிந்தால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பாப் லீ என்பவர் 1960-ல் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையோரம் தொடங்கிய கடை. மாட்டுச் சந்தையில் வேலை பார்த்த கௌபாய்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். அவர்களில் யார் அதிகம் சாப்பிடுவார் என்று ஒரு நாள் போட்டி வைத்தாராம். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 72 அவுன்ஸ் இறைச்சியோடு பக்க உணவுகளையும் சேர்த்து முடித்துவிட்டார். அன்று அவர் சாப்பிட்டது எதுவோ அதுவே இன்றுவரை போட்டியின் பட்டியல் என்பது கடையில் சொல்லும் கதை. ஐ-40 என்ற பெரிய நெடுஞ்சாலை வந்து பழைய ரூட் 66-ல் போக்குவரத்து குறைந்ததும், 1970 வாக்கில் கடையை அதன் ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

72 அவுன்ஸ் என்றால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பலரும் இறைச்சியை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். அதோடு இறால் காக்டெயில் (பானம் இல்லை, சாஸோடு தரும் இறால்), முழு உருளைக்கிழங்கு, சாலட், வெண்ணெயுடன் ஒரு ரொட்டி எல்லாமே காலியாக வேண்டும். பணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும், முடித்தால் திருப்பித் தருவார்கள். நான் போனபோது 72 டாலர். எழுந்திருக்கக் கூடாது, வேறு யாரும் தட்டைத் தொடக் கூடாது, வாந்தி எடுத்தால் தோல்வி. ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது: கடிகாரம் ஓடத் தொடங்கும் முன் ஒரு துண்டு வெட்டி, வேக்காடு சரியா என்று ருசி பார்க்க விடுவார்கள். அது நேர்மையான விதி.

போட்டியாளரைக் கூடத்தின் நடுவே ஒரு மேடையில் உட்காரவைக்கிறார்கள். பின்னால் பெரிய எண்களில் நேரம் குறைந்துகொண்டே வரும். நாங்கள் போன அன்று இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். முதல் இருபது நிமிடம் பார்க்கவே உற்சாகமாக இருந்தது, பாதி இறைச்சி காலி. அப்புறம் வேகம் விழுந்தது. ஸ்டேக் ஆறிப்போய் தட்டின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் காதுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். உருளைக்கிழங்கைத் தொடவே இல்லை. எங்கள் கூடம் முழுக்கப் பேச்சு நின்றுபோனது. எட்டு நிமிடம் மீதி இருக்கும்போது முள்கரண்டியைக் கீழே வைத்தான். முதலில் கை தட்டியது என் மகள். அப்புறம் எல்லோரும் தட்டினோம்.

வெளியே போகும்போது எங்கள் மேசையைக் கடந்தான். எங்கே கஷ்டமாகிவிட்டது என்று கேட்டேன். "வயிற்றில் இடம் இருந்தது, தாடைதான் முடியவில்லை" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பாட்டுப் போட்டிகளில் பேர்போன மாலி ஷூய்லர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது. ஒல்லியான பெண். 2014-ல் இதே சாப்பாட்டை ஐந்து நிமிடத்துக்குள் முடித்தவர். அடுத்த வருடம் இருபது நிமிடத்தில் மூன்று முழுச் சாப்பாடு! பெரிய உடம்பு இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நீங்கள் போக வேண்டுமா? கட்டாயம் போங்கள், ஆனால் மேடையில் ஏறாதீர்கள். பழக்கமில்லாத உடம்பை ஒரு மணி நேரத்தில் இப்படி வருத்துவது நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. சின்ன அளவு ஸ்டேக் ஒன்று வாங்கி, சூடு ஆறுவதற்குள் நிதானமாகச் சாப்பிடுங்கள். சுற்றிலும் மாடு வளர்க்கும் பூமி, இறைச்சியைக் கையாளத் தெரிந்தவர்கள். என் மனைவி மாட்டிறைச்சி தொட மாட்டாள், அவள் சிக்கன் சாப்பிட்டாள். மேடை தெரிகிற மாதிரி மேசை வேண்டும் என்று உள்ளே நுழைந்ததுமே கேட்டுவிடுங்கள். இரவு அங்கேயே தங்கினால், காலையில் ஊருக்கு மேற்கே காடிலாக் ராஞ்சையும் பார்த்துவிடலாம். மண்ணில் தலைகுப்புற நட்டு வைத்த பத்து கார்கள். அந்தக் கார்கள் மேல் கிறுக்க, குழந்தைகளுக்கு ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டு போங்கள்.