அரை நாள் ஆறா, முழு நாள் மூணா? – டைம் ஆபீஸ் அண்ணன் பதில்கள்

திருவொற்றியூர்ல ஒரு தொழிற்சாலையில டைம் ஆபீஸ், அதாவது யார் எப்ப வந்தாங்க போனாங்கன்னு கணக்கு எழுதற இடம், பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். மஸ்டர் ரோல்ங்கற வருகைப் பதிவேடு, ஓ.டி.ங்கற கூடுதல் நேர வேலை, லீவு, இ.எஸ்.ஐ.ங்கற தொழிலாளர் காப்பீட்டுக் கணக்கு, இதுல கேளுங்க. இந்தத் தடவை பாதிக்கு மேல ஒரே விஷயம்: பகுதிநேர வேலையை வாரத்துல எப்படிப் பிரிச்சுக்கிறது?

வியாசர்பாடி வாசகி: அண்ணே, தையல் யூனிட்ல பேக்கிங் வேலை, தினக்கூலி. இருபது பேருக்கு மேல இருக்கோம். "வாரம் மூணு நாள் முழு ஷிஃப்ட் வா, இல்ல ஆறு நாளும் மதியம் வரைக்கும் வா, காசு ஒண்ணுதான்"னு சூப்பர்வைசர் சொல்றார். எதை எடுக்கட்டும்?

காசு ஒண்ணுதான், அவருக்கு. உனக்கு இல்லம்மா.

பத்து பேர் வேலை செய்யற இடம்னா இ.எஸ்.ஐ. உண்டு. மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் வாங்குறவங்க அதுக்குள்ள வருவாங்க, பகுதிநேரக்காரங்களும் சேர்த்திதான். உன் கூலியில 0.75 சதவீதம் பிடிப்பாங்க, முதலாளி 3.25 சதவீதம் கட்டணும். உடம்புக்கு முடியாமப் படுத்தா கூலியில 70 சதவீதம் வரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். ஆனா அதை வாங்க ஒரு நிபந்தனை இருக்கு. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்னு ஆறாறு மாசமா கணக்கு எடுப்பாங்க. அந்த ஆறு மாசத்துல 78 நாளாவது கூலி விழுந்திருக்கணும். அங்க மணியை எண்ண மாட்டாங்க, நாளைத்தான் எண்ணுவாங்க.

இப்ப போடு கணக்கு. வாரம் மூணு நாள், 26 வாரம். பெருக்கினா 78, ஒண்ணு அதிகமும் இல்ல, ஒண்ணு குறைவும் இல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு நாள் தங்கிட்டா 77. அந்த 77 உன்னை அடுத்த ஜூலையிலேருந்து டிசம்பர் வரைக்கும் பாதிக்கும், ஏன்னா அக்டோபர்–மார்ச் கணக்குக்கு பலன் கிடைக்கிறது அப்பதான். ஆறு அரை நாள்னா 156 நாள். முப்பது நாள் லீவு போட்டாலும் தாங்கும். பிரசவச் சலுகைக்கு இவ்வளவு நெருக்கடி கிடையாது. ரெண்டு ஆறு மாசத்தையும் சேர்த்து 70 நாள் இருந்தாப் போதும், மூணு நாள்காரங்களும் தாண்டிடுவாங்க.

இன்னொண்ணு. சராசரி தினக்கூலி 176 ரூபாய்க்குள்ள இருந்தா உன்கிட்ட அந்த 0.75-ஐப் பிடிக்கவே கூடாது. முதலாளி மட்டும் தன் பங்கைக் கட்டணும். அரை நாள் கூலிக்காரங்க பல பேர் இது தெரியாம விட்டுடறாங்க.

அப்ப அரை நாள்தானான்னா, அவசரப்படாதே. அரை நாள் நீளும். ஷிப்மென்ட் வாரத்துல மணி ஒண்ணாகும், நீ கைகழுவப் போவ. "இந்த நாலு கார்ட்டனை மட்டும் டேப் ஒட்டிட்டுப் போம்மா"ம்பார். மணி மூணாயிடும், மஸ்டர்ல அரை நாள்தான் இருக்கும். அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம், மூணு கட்டம் போட்டு தினமும் எழுது. கிளம்புற நேரம் இன்னதுன்னு முதல்லயே பேசிடு. யூனிட் நடந்து போற தூரம்னா ஆறு அரை நாள் எடு. இல்லன்னா நாலு முழு நாள் கேட்டுப் பாரு, 104 நாள் வரும்.

திருவொற்றியூர் வாசகி: கிண்டியில அக்கவுண்ட்ஸ் வேலை. தினமும் நாலு மணி நேரமா, வாரத்துல ரெண்டரை நாளா? பையன் மூணாவது படிக்கிறான்.

2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுலேருந்து இந்த மாதிரி கேள்வி நிறைய. வண்டி சுகமா இருக்குங்கறதுக்காக நேரத்தை மறந்துடாதீங்கம்மா. வீட்டுப் படி இறங்கினதுலேருந்து அங்க நாற்காலியில உக்கார்ற வரைக்கும் எண்ணணும். போக வர ஆகற நேரம் வேலை நேரத்துல பாதியைத் தாண்டினா தினசரி அரை நாள் வேண்டாம். நாலு மணி வேலைக்கு ரெண்டரை மணி பயணம், வாரம் அஞ்சு தடவைன்னா அது உங்களுக்குப் பகுதிநேரமே இல்ல. முழு நாளாவே எடுங்க. அந்த நாள்ல பையனைக் கூட்டிட்டு வர ஆள் முதல்ல ஏற்பாடு ஆகட்டும். எந்தெந்தக் கிழமைன்னும் முடிவு பண்ணிக்கோங்க, "தேவைப்படும்போது கூப்பிடுறோம்"ங்கறதுக்கு ஒத்துக்காதீங்க.

தண்டையார்பேட்டை வாசகர்: பழைய கம்பெனி பி.எஃப். பணம் எப்படி எடுக்கறது?

அது என் பாடம் இல்ல. பி.எஃப். ஆபீஸ்ல கேளுங்க.

பெரம்பூர் வாசகி: மூணு வீட்டுல வேலை செய்யறேன். லீவு இருந்தும் லீவே இல்லாத மாதிரி இருக்கு.

ஏன்னா ஒரு வீட்டுல ஞாயிறு லீவு, இன்னொரு வீட்டுல புதன், மூணாவது வீட்டுல "நீயே பாத்துக்கோ". மூணும் சேர்ந்து வராத லீவு லீவே இல்லக்கா. மூணு வீட்டுலயும் ஒரே கிழமையைக் கேளுங்க. முதல்ல முணுமுணுப்பாங்க, ஒரு மாசத்துல பழகிடும். வீட்டு வேலைக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. 2007-லேருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கு, பதிஞ்சு வைங்க.

பழைய வண்ணாரப்பேட்டை கல்லூரி மாணவர்: எம்.சி. ரோட்டுல ஜவுளிக்கடை. சனி ஞாயிறு முழுசா, தினமும் சாயங்காலமா?

தம்பி, சனி ஞாயிறு. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தா சாயங்காலம் ஒன்பது மணிங்கறது பதினொண்ணு ஆகும், மறுநாள் கிளாஸ்ல தூங்குவ. தொடர்ந்து நிக்க வெச்சா உக்கார இடம் கேளு. கடையில இருக்கை போடணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டமே வந்தாச்சு. வியாசர்பாடிக்குச் சொன்ன மாதிரி நேரம் எழுதற நோட்டு போடு.

கொருக்குப்பேட்டை வாசகி: மூணு முழு நாளா, ஆறு அரை நாளா?

வியாசர்பாடிக்குச் சொன்னதைப் படிங்கம்மா.

மணலி வாசகர்: அண்ணே, நீங்க அரை நாளையே பேசிட்டிருக்கீங்க. நாலு நாள் 12 மணி வேலை, மூணு நாள் லீவு. அதான் சூப்பர். 2023-ல கொண்டு வந்த சட்டத்தை சும்மா எதிர்த்துட்டாங்க.

வாங்க தம்பி, வம்புக்குன்னே வந்திருக்கீங்க. 2023 ஏப்ரல்ல சட்டசபையில நிறைவேறின அந்தத் திருத்தம் மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிப்பு வந்தது. அதுல 12 மணி நேரத்துக்கு வழி இருந்தது. மூணு நாள் லீவு உங்க கைக்கு வரும்னு யார் உத்தரவாதம் குடுத்தாங்க? இப்ப ஒரு நாள் வரம்பைத் தாண்டின மணிக்கு ரெட்டைக் கூலி. உங்க கம்பெனியில 12 மணிக்கு ஓ.டி. போடறாங்களா, நேர் கூலியா? அதை முதல்ல சொல்லுங்க.

அதே மணலி வாசகர்: நேர் கூலிதான். ஆனா மூணு நாள் சொந்த ஆட்டோ ஓட்டறேன், அதுல சரியாகுது.

அப்ப அது லீவு இல்ல, ரெண்டாவது வேலை. இன்னொரு கணக்கும் பாருங்க. அஞ்சு வருஷம் கழிச்சு கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போறப்ப கம்பெனி மொத்தமா குடுக்கற பணம், வாங்க வருஷத்துக்கு 240 நாள் வேணும். நிறுவனமே வாரம் ஆறு நாளுக்குக் குறைவா ஓடினா 190 போதும். வாரம் நாலு நாள்னா வருஷத்துக்கு 208. கம்பெனி நாலு நாள்தான் ஓடுதுன்னா தப்பிச்சீங்க. கம்பெனி ஆறு நாளும் ஓடி நீங்க மட்டும் நாலு நாள் போறீங்கன்னா 32 நாள் குறையுது. சம்பளத்தோட வர்ற லீவு சேர்ந்தா கொஞ்சம் ஏறும். தினக்கூலிக்காரருக்கு அது எவ்வளவு வரும்னு உங்களுக்கே தெரியும்.

எண்ணூர் வாசகர்: மணலி நண்பருக்கு: எட்டாவது மணிக்கு அப்புறம் மெஷின் பக்கத்துல நின்னு பாருங்க. எனக்கு விரல் போனது சாயங்காலத்துலதான்.

மணலி வாசகர்: எட்டு மணி ஷிஃப்ட்லயும் விரல் போகுது அண்ணே. நான் கேக்கறது விருப்பப்பட்டவனுக்கு இருக்கட்டும்னுதான்.

விருப்பம்ங்கறதை எழுதிக் குடுக்கற இடத்துல யார் உக்காந்திருக்காங்கன்னும் பாக்கணும் தம்பி. டைம் ஆபீஸ்ல "விருப்பத்தோட"ன்னு எழுதின ஓ.டி. ஃபாரம் கட்டுக் கட்டா பாத்திருக்கேன், எல்லாம் ஒரே கையெழுத்துல நிரப்பி, கீழ மட்டும் வேற வேற கையெழுத்து. 1918-ல இதே பெரம்பூர் பக்கம் மில் தொழிலாளிங்க மெட்ராஸ் லேபர் யூனியன் கட்டினப்ப பேசின குறைகள்ல மதியச் சாப்பாட்டு நேரம் போதலைங்கறதும் ஒண்ணு. நிமிஷக் கணக்குக்கே அவ்வளவு பாடு. ஆனா எண்ணூர்க்காரர் சொன்னதுக்கு நீங்க குடுத்த பதில்லயும் நியாயம் இருக்கு: மெஷினுக்குக் கவசம் இல்லன்னா எட்டு மணியும் ஆபத்துதான்.

காசிமேடு வாசகர்: மீன் ஏலக்கூடத்துல கணக்கு எழுதறேன், விடியக்காலை. பகல்ல இன்னொரு வேலை பாக்கலாமா?

பாருங்க, ஆனா செவ்வாய் புதன் வியாழன்னு நடு வாரத்துல பாருங்க. ஞாயித்துக்கிழமை அங்க கூட்டம் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது. அந்த மாசங்கள்ல மட்டும் நாள் கூட்டிக்கிற மாதிரி ரெண்டாவது இடத்துல இப்பவே பேசி வைங்க. மார்ச் கடைசியில போய்க் கேட்டா அங்க வேற ஆள் இருப்பான்.

எம்.கே.பி. நகர் வாசகி: ஆறு அரை நாள் நல்லதா, மூணு முழு...

வியாசர்பாடி!

ராயபுரம் வாசகர்: மணலிக்காரர் சொல்றதுதான் சரி. ஓ.டி.யே வேணாம், லீவு குடுத்தாப் போதும்.

ஓ.டி. வேணாம்னு நீங்க சொன்னது உங்க முதலாளி காதுல விழாம இருக்கட்டும். இந்தச் சண்டைக்கு அடுத்த தடவை தனியா இடம் ஒதுக்கறேன். மணலிக்காரர் சம்பளச் சீட்டு எடுத்துட்டு வரணும், எண்ணூர்க்காரரும் வரணும்.