2018-இல் பின்லாந்தின் தாம்பரே நகரில் நடந்த 400 மீட்டர் இறுதிப் போட்டியில், பின்தங்கியிருந்த இந்திய ஓட்ட வீராங்கனை ஹிமா தாஸ் கடைசி 100 மீட்டரில் வேகத்தைக் கூட்டியா வென்றார்?

பார்ப்பதற்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் 400 மீட்டரின் கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லோருமே வேகம் இழக்கிறார்கள், குறைவாக இழப்பவரே முந்துகிறார்.

அங்கு ஜூலை 12 அன்று நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியில், நான்காம் ஓடுபாதையில் ஓடிய ஹிமா, கடைசி வளைவு வரை ருமேனியாவின் ஆந்த்ரேயா மிக்லோஸுக்குப் பின்னால்தான் இருந்தார். முழுவேக ஓட்டத்தில் தசைகளுக்கு உடனடியாகக் கிடைக்கும் ஆற்றல் சில நொடிகளிலேயே குறைந்துவிட, அதன்பின் பிராணவாயு போதாத நிலையில் சர்க்கரை எரிக்கப்படுவதால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. தோள்கள் காதை நோக்கி உயர்கின்றன, கழுத்து இறுகுகிறது, காலடி நீளம் சுருங்குகிறது. முன்பாதியை அளவோடு ஓடியவருக்கு இந்தத் தளர்ச்சி சற்றுத் தாமதமாகவே வருகிறது.

ஹிமா 51.46 நொடிகளில் முடித்தார், மிக்லோஸுக்கு 52.07, மூன்றாவதாக வந்த அமெரிக்காவின் டெய்லர் மேன்சனுக்கு 52.28. உலக அளவிலான போட்டியொன்றின் ஓட்டப் பந்தயத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. (இதே 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் நீரஜ் சோப்ரா வென்ற 2016 தங்கம் ஈட்டி எறிதலில் வந்தது, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அசாமின் திங் பகுதியைச் சேர்ந்த ஹிமா, வெற்றிக்குப் பின் மூவர்ணக் கொடியோடு கமோசா என்னும் அசாமியப் பாரம்பரியத் துண்டையும் அணிந்திருந்தார்.