வார்டு கணக்கைக் கேட்காதீர்கள், ஒரு தெருவின் கோப்பைக் கேளுங்கள்

கேள்வி: எங்களுடையது சிறிய நகராட்சி. எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டுப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மேல்பகுதி பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. கவுன்சிலரிடம் போனால் ‘ஃபண்டு இல்லை’ என்கிறார். ஆனால் இரண்டு தெரு தள்ளிப் புதிதாகப் பூங்கா வேலை நடக்கிறது. வரியை ஒழுங்காகக் கட்டுகிறோம். பணம் எங்கே போகிறது என்று எப்படிக் கேட்பது?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோடு போட்ட ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகை இன்னும் நகராட்சியிடம் இருக்கக்கூடும். வேலை முடிந்த பிறகு இத்தனை காலத்துக்குள் பழுது வந்தால் அவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்தக் காலம் முடிந்து டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அடுத்த ரிப்பேர் உங்கள் வரிப்பணத்தில்தான். அதனால் இந்த வாரமே பெயர்ந்த இடங்களைப் படமெடுத்து ஆணையருக்கு ஒரு மனு கொடுங்கள். ‘பழுது சரிசெய்யப்படும் வரை வைப்புத் தொகையை விடுவிக்க வேண்டாம்’ என்ற வரி அதில் இருக்கட்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர் செலவில் செய்ய வேண்டிய ரிப்பேருக்கு ‘ஃபண்டு இல்லை’ என்ற பதிலே பொருந்தாது.

ஆனால் அந்தப் பதில் எப்போதும் பொய்யும் இல்லை. தமிழ்நாட்டு நகராட்சிகளில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று கணக்கே மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இதற்கு மேல் திட்டத்துக்குத் திட்டம் தனிப் பணம் வரும். பூங்காவுக்கென்று வந்த தொகையைத் தெரு ரோட்டுக்குத் திருப்ப முடியாது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தில்கூட, சிறிய நகரங்களுக்கு 2021-22 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. ஆகவே ‘ஏன் பூங்கா?’ என்று சண்டைக்குப் போகாமல், ‘இது எந்த நிதி, எந்த மன்றத் தீர்மான எண்?’ என்று கேளுங்கள்.

இனி உங்கள் ரோட்டுக்கு வருவோம். தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனுப் போடுகிற பலர் ‘எங்கள் வார்டுக்கு ஐந்து வருடத்தில் எவ்வளவு செலவு?’ என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு மொத்தத் தொகை பதிலாக வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘ஏன் தரமில்லை?’ என்று கேட்டாலும் பயனில்லை. சட்டம் கொடுப்பது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அதன் மதிப்பீடு, வேலை உத்தரவு, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இந்த ஆவணங்களில் உயிர் அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். நகராட்சிக் கணக்குப் பிரிவில் நான் இருந்த காலமெல்லாம் பில்லோடு என் மேசைக்கு வந்தது அதுதான். நீளம், அகலம், கனம், அளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பொறியாளர் நேரில் அளந்து எழுதிய அந்த எண்ணுக்குத்தான் பணம் போகிறது. 120 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 63 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு பில். தெருவில் கனம் 0.12 மீட்டர்தான் என்றால் 50.4 கன மீட்டர். எழுத்தில் மூன்று சென்டிமீட்டர் கூட்டியதில் ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் மண்ணுக்கு வராமலே பணமாகிவிட்டது. நீளத்தை யாரும் கூட்டி எழுதமாட்டார்கள், அது கண்ணுக்குத் தெரியும். பார்க்க வேண்டியது கனத்தை.

நீங்களே ரோட்டைத் தோண்டிவிடாதீர்கள், அது வேறு வம்பு. ஓரத்தில் மண் அணைக்காத இடத்திலோ, குழாய் இணைப்புக்காக வெட்டிய இடத்திலோ ஸ்கேலை வைத்தால் கனம் தெரிந்துவிடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அதே சட்டத்தின் 2(j) பிரிவு வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

மதிப்பீட்டில் இன்னொரு வரியையும் தேடுங்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டியதாக பில் போட்டிருந்து, உங்கள் வாசற்படியில் ஒன்று ரோட்டுக்குள் போயிருந்தால், அந்தப் படியே சாட்சி.

‘கோப்பு பெரிது, நேரில் வந்து பாருங்கள்’ என்று பதில் வந்தால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், கட்டாயம் போங்கள். தெருக்காரர் ஒருவரையும் கூட அழைத்துப்போங்கள். ஒருவர் பக்கத்தைப் புரட்ட, மற்றவர் குறித்துக்கொள்ளலாம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை உங்கள் நகராட்சி மீது எழுப்பி இன்னும் தீராமல் கிடக்கும் தணிக்கைத் தடைகளின் (செலவுக் கணக்கின் மேல் எழுதிய ஆட்சேபங்களின்) நகலையும் தனி மனுவில் கேட்டு வையுங்கள். உங்கள் தெரு அதில் இல்லாவிட்டாலும், அதே ஒப்பந்ததாரர் இருக்கலாம்.

பகுதி சபை என்று வார்டு மக்கள் நேரில் வந்து பேசும் கூட்டம் தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கியது. அது உங்கள் வார்டில் நடந்தால், இந்தத் தாள்களோடு போய் உட்காருங்கள். ‘ஊழல்’ என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். எம்-புக் பக்க எண்ணையும் நீங்கள் அளந்த கனத்தையும் மட்டும் படித்துவிட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

நகல் கையில் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுத்து புரியாத பக்கமாக இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், எந்தக் கட்டம் எதைச் சொல்கிறது என்று விளக்குகிறேன்.