கெட்டில் நல்லாத்தான் இருக்கிறது, ஒயரைப் பாருங்கள்

நண்பரே, சுங்கை சிப்புட் லயன் வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) நீள ஒயர் இழுத்துக் கெட்டில் போடுகிறீர்கள்; தண்ணீர் மெதுவாகக் கொதிப்பதால் கெட்டில் கெட்டுவிட்டதோ என்று நினைக்கிறீர்கள். ஓடும்போது சாக்கெட்டில் 230 வோல்ட், கெட்டில் பக்கம் 216, மின்னோட்டம் 9.4 ஆம்பியர். சரி. 230ஐ 9.4ஆல் வகுத்தால் வரும் 24.5 ஓம், ஒயரும் சேர்ந்த மின்தடை. கெட்டிலுக்கு மட்டும் 216 ÷ 9.4, அதாவது 23 ஓம். லேபிளின் 2300 வாட்டும் இதற்குப் பொருந்துகிறது: 230 × 230 ÷ 2300 = 23.

இப்போது கெட்டிலுக்குக் கிடைப்பது 216 × 9.4, சுமார் 2030 வாட். அதனால்தான் தண்ணீர் மெதுவாகக் கொதிக்கிறது.

எனக்குக் கவலை, 230க்கும் 216க்கும் இடையே ஒயரில் குறையும் அந்த 14 வோல்ட்தான். 14 × 9.4, கிட்டத்தட்ட 132 வாட் ஒயரிலேயே சூடாகிறது. இணைப்பு தளர்ந்திருந்தால் அந்தச் சூடு ஓரிடத்தில் குவியும், உங்களுடையது பலகைச் சுவர் வேறு. தயவுசெய்து அந்த ஒயரில் இனி கெட்டில் போடாதீர்கள். பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு, சமையலறைக்கே தனி சாக்கெட் போடச் சொல்லுங்கள்.