ஸ்கேனில் ஃபைப்ராய்டு தெரிந்தால், அடிவயிற்று வலிக்கு அதுதான் காரணமா?

உங்கள் கேள்வி: ஸ்கேனில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பை நார்க்கட்டி), கூடவே அடிவயிற்று வலி; கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

நான் மருத்துவர் இல்லை. எனக்கும் கட்டி இருக்கிறது, வலியும் இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கட்டியால் வலி வரலாம். ஆனால் கட்டியும் இருக்கிறது, வலியும் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் உடனே முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பையில் இந்த நார்க்கட்டி வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆக, வேறு காரணத்தால் வயிறு வலிக்கிறவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும், நிறையப் பேருக்குக் கட்டி தெரியத்தான் செய்யும்.

எனக்கு முதலில் பார்த்த மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஆபரேஷன் என்றார். அடுத்தவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, எப்போது வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டார். பீரியட்ஸுக்கு முன்பே தொடங்கி, அது முடியும்வரை சுருட்டிப் பிடிக்கும் வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் அடினோமயோசிஸ் தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்சவ்வுத் திசு அதன் தசைச் சுவருக்குள் வளர்வதுதான் அது. ஃபைப்ராய்டோடு சேர்ந்தே இருப்பதும் சகஜமாம். ஹார்மோன் உள்ள காயிலை (coil, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சிறு சாதனம்) வைத்த பிறகு வலி வெகுவாகக் குறைந்தது. கட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது! உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும் இதே மாதிரி ஏமாற்றும். சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம்.

சரி, ஃபைப்ராய்டால் வரும் வலி எப்படி இருக்கும்? பெரும்பாலும் வலி என்பதைவிட ஒரு கனம், ஓர் அழுத்தம். முன்பக்கம் சிறுநீர்ப்பையை அழுத்தினால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். பின்பக்கம் என்றால் மலச்சிக்கல், இடுப்பு வலி. அளவை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள், இருக்கும் இடம்தான் பெரும்பாலும் முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்தும் சின்னக் கட்டிகூட அதிக உதிரப்போக்கையும் பிடிப்பு வலியையும் கொடுக்கும். வெளிச்சுவரில் வளரும் பெரிய கட்டி சத்தமில்லாமல் இருந்துவிடலாம்.

திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் கதையே வேறு. காம்போடு தொங்கும் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது ரத்த ஓட்டம் போதாமல் கட்டி சிதையத் தொடங்கியிருக்கலாம். காய்ச்சல், வாந்தி, மயக்கம் சேர்ந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பமாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

கர்ப்பப்பையை எடுப்பது ஒரு வழி, ஒரே வழி அல்ல. வலி மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, கட்டியை மட்டும் நீக்கும் மயோமெக்டமி, அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் எல்லாம் உண்டு. இனி குழந்தை வேண்டுமா என்பதைப் பொறுத்து இந்தத் தேர்வு மாறும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெனோபாஸ் நெருங்கும் வயது என்றால் பொறுத்துப் பார்ப்பதும் நியாயமே, அதன் பிறகு பெரும்பாலான கட்டிகள் சுருங்கிவிடும். புற்றுநோயாக இருப்பது மிக அரிது. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ, ரத்தம் பட்டாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அடுத்த முறை போகும்போது, எந்தெந்த நாளில் வலித்தது, எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலித்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, என் வலி அதற்குப் பொருந்துகிறதா என்று நேராகவே கேளுங்கள்.